ஐடியா உங்களுது, பில்லு அவங்களுது

போன மாசம் ஒரு மெசேஜ் வந்தது. "அண்ணா, இது டாக்ஸ் டவுட் இல்ல. ஆனா உங்ககிட்டதான் கேக்கணும்னு தோணுச்சு"ன்னு ஆரம்பிச்சிருந்தாங்க. இதை வீடியோவா போடலாம்னு பார்த்தேன். பத்து நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயமா தெரியல, அதான் எழுதுறேன். அவங்களோட அனுமதி வாங்கி, ஆள் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

வயசு 24. மறைமலை நகர்ல வேலை. செங்கல்பட்டுல ஒரு தோழியோட ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க. பக்கத்துல ஒரு சூப்பர் மார்க்கெட், நாலஞ்சு கிளை வெச்சிருக்கிறவங்க. அந்தக் கடைக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. ஒரு நாள் அதுல "வாடிக்கையாளர்களே, கடைல புதுசா என்ன வேணும், சொல்லுங்க"ன்னு கேட்டிருக்காங்க.

இவங்க சும்மா ஒரு வரி எழுதிட்டுப் போகல. ரூம்ல ரெண்டு பேருக்கு ஒரு நாள் சாம்பார் வைக்கணும்னா கட்டு முருங்கைக்காய், கால் கிலோ சின்ன வெங்காயம், அரை கிலோ பருப்புன்னு வாங்கணும். மீதி ஃப்ரிட்ஜ்ல கிடந்து அழுகும். அதனால ரெண்டு பேருக்கு, ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட். 75 கிராம் துவரம் பருப்பு, உரிச்ச சின்ன வெங்காயம் பத்து, நறுக்கின முருங்கைக்காய் ஒண்ணு, தக்காளி ஒண்ணு, ஒரு சின்ன உருண்டை புளி, கொஞ்சம் கறிவேப்பிலை கொத்தமல்லி. சொந்தக் காசுல வாங்கி, வீட்லயே கட்டி, எடை போட்டு, போட்டோ எடுத்து, அடக்க விலை 32 ரூபாய், 45க்கு விக்கலாம்னு கணக்கோட அனுப்பியிருக்காங்க. கடை மேனேஜர் "சூப்பர் மேடம்"னு போட்டு ஒரு கட்டைவிரல்.

நாலு மாசம் கழிச்சு அதே பாக்கெட் கடையோட ஃப்ரிட்ஜ் ரேக்ல. விலை 49. குரூப்ல அறிவிப்பு: "எங்கள் டீமின் புதிய முயற்சி." இவங்க "சார், இது நான் சொன்னதுதானே?"ன்னு கேட்டிருக்காங்க. பதில் இல்ல. மறுநாள் குரூப்ல அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும்னு மாத்திட்டாங்க.

"கேஸ் போடலாமா அண்ணா? காசு வேணாம். 'எங்கள் டீம்'னு போட்டாங்க பாருங்க, அதுதான் கஷ்டமா இருக்கு."

கேஸ் நிக்காதும்மா. முதல்ல அதைச் சொல்லிட்டேன். நம்ம நாட்டுச் சட்டத்துல வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது. 1978ல உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி.ஆனந்த் வழக்குல இதைத் தெளிவாச் சொல்லிடுச்சு. ஒரு நாடகத்தோட கருவை எடுத்து சினிமா பண்ணிட்டாங்கன்னு போட்ட வழக்கு அது. கரு யாருக்கும் சொந்தமில்ல, அதை நீங்க வெளிப்படுத்தின விதம்தான் உங்களுக்குச் சொந்தம். அதாவது, இவங்க எடுத்த போட்டோவையே கடைக்காரங்க போஸ்டர்ல போட்டிருந்தா கதை வேற. போட்டோவுக்குக் காப்புரிமை உண்டு. சாம்பார் பாக்கெட்ங்கிற யோசனைக்கு இல்ல.

1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல 70ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பிரிவு. ஒருத்தர் இனாமாச் செய்யற எண்ணம் இல்லாம இன்னொருத்தருக்கு ஒரு வேலை செஞ்சு கொடுத்து, அவர் அதோட பலனை அனுபவிச்சா, அதுக்கு ஈடு கொடுக்கணும். ஆனா சிக்கலே அந்த "இனாம்"லதான். குரூப்ல "சொல்லுங்க"ன்னு கேட்டாங்க, நீங்களா சொன்னீங்க. இனாம்தான்னு கடை வக்கீல் ஒரே வரியில முடிச்சிடுவார்.

பெரிய கம்பெனிகள்ல இந்த வாதத்துக்கே வேலை இல்ல. ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது படிக்காம "ஐ அக்ரீ" அமுக்குறோமே, அந்த விதிமுறைகள்ல பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். நீங்க தர்ற கருத்துகளை நாங்க எப்ப வேணாலும், எங்க வேணாலும், காசு கொடுக்காம பயன்படுத்திக்கலாம்னு. உங்க போன்ல இருக்கிற ஏதாவது ஒரு ஷாப்பிங் ஆப்ல போய்த் தேடிப் பாருங்க.

நீங்க வாயே திறக்கலைன்னாலும் எடுத்துக்க வழி இருக்கு. 2021 அக்டோபர்ல ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டாங்க. அமேசான் இந்தியாவோட உள் ஆவணங்களைப் பார்த்து எழுதினது. தளத்துல நல்லா விக்கிற மத்தவங்க பொருட்களைக் கவனிச்சு, அதே மாதிரி சொந்த பிராண்டுல கொண்டு வந்தாங்கன்னு. 'ஜான் மில்லர்' சட்டையோட கழுத்துச் சுற்றளவு, கை நீளம் வரைக்கும் பார்த்து அளவு எடுத்தாங்களாம். அமேசான் இதை மறுத்தது, ஆதாரமில்லாத குற்றச்சாட்டுன்னு சொன்னது. அது எப்படியோ போகட்டும். "சைஸ் டைட்டா இருக்கு"ன்னு நீங்க போடுற ரிட்டர்ன் கூட ஒரு கடைக்காரருக்கு யோசனைதான்ங்கிறதை மட்டும் பாருங்க.

இப்ப கடைக்காரர் பக்கமும் ஒரு நிமிஷம் உக்காந்து பார்க்கணும். சூப்பர் மார்க்கெட் கணக்குகளை நான் பார்த்திருக்கேன். 32 ரூபாய் பொருளை 49க்கு வித்தா 17 ரூபாய் லாபம்னு நினைக்காதீங்க. வெங்காயம் உரிக்கிற ஆளுக்குக் கூலி, ஃப்ரிட்ஜுக்கு கரண்ட், வாடகை, அதைவிட முக்கியமா, ராத்திரி கடை மூடும்போது விக்காம நிக்கிற பாக்கெட். நறுக்கின காய்ல ஒரு நாள் தாமதமானா மொத்தமும் குப்பை. அந்த ரிஸ்க்கை எடுத்தது கடைதான். ஸ்டார்பக்ஸ் 2008ல வாடிக்கையாளர்கள்கிட்ட யோசனை கேட்டு ஒரு தளம் தொடங்கினாங்க. முதல் அஞ்சு வருஷத்துல ஒன்றரை லட்சம் யோசனைகள் வந்துச்சு, நடைமுறைக்கு வந்தது முன்னூறுக்கும் கீழ. வந்த ஒவ்வொண்ணுக்கும் காசு கேட்டா எந்தக் கடையும் நடத்த முடியாது. அதனால "லாபத்துல பாதி கொடு"ங்கிற கட்சியில நான் இல்ல.

ஆனா இந்தப் பொண்ணு கேட்டது அதையில்லையே. "எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் யோசனை"ன்னு ஒரு வரி. அதுக்கு மை செலவு கூட இல்ல, வாட்ஸ்அப்தானே. என்னைக் கேட்டா, யோசனையை எடுத்துக்கிட்டதை மன்னிச்சிடலாம், "எங்கள் டீம்"ங்கிற ரெண்டு வார்த்தையை மன்னிக்க முடியாது. அது பொய். என்னை மாதிரி ஆள் ஆடிட் பண்ற கணக்குப் புத்தகத்துல வேற ஒருத்தர் போட்ட முதலை "சொந்த முதல்"னு எழுதினா நான் கையெழுத்துப் போடுவேனா?

கொடுக்கிறவங்க கொடுக்கத்தான் செய்யறாங்க. லீகோ பொம்மை கம்பெனி தெரியும்ல. ரசிகர் ஒருத்தர் வடிவமைச்ச மாடலுக்கு 10,000 பேர் ஆதரவு கிடைச்சு, கம்பெனியும் தேர்ந்தெடுத்தா, அதோட நிகர விற்பனையில 1 சதவீதம் அவருக்கு. கூடவே பெட்டிக்குள்ள வர்ற புத்தகத்துல அவரைப் பத்தின அறிமுகம். நம்ம ஊர்ல லேஸ் சிப்ஸ் 2009ல புது ஃபிளேவர் சொல்லுங்கன்னு போட்டி வெச்சு, ஜெயிக்கிறவருக்கு 50 லட்சம் ரூபாயும் விற்பனையில 1 சதவீதமும்னு அறிவிச்சாங்க. விளம்பர உத்திதான், ஒத்துக்கிறேன். ஆனா முன்னாடியே விலை சொல்லிட்டுக் கேட்டாங்க.

அவ்வளவு தூரம் போக வேணாம். ஒரகடம், மறைமலை நகர் பக்கம் ஃபேக்டரியில வேலை பார்க்கிறவங்க கைசன் போர்டைப் பார்த்திருப்பீங்க. ஒரு போல்ட்டை வைக்கிற இடத்தை மாத்தினா ரெண்டு செகண்ட் மிச்சம்னு ஒரு ஆபரேட்டர் சொல்வார். அவர் போட்டோ, பேரு, முன்னாடி எப்படி, இப்ப எப்படின்னு போர்டுல ஒட்டுவாங்க. பரிசு என்னவோ ஒரு டிபன் பாக்ஸாத்தான் இருக்கும். ஆனா பேரு இருக்கும். சம்பளம் வாங்குற ஆளுக்கே பேரு போடுறாங்க, காசு கொடுத்துப் பொருள் வாங்குற ஆளுக்குப் போட முடியாதா?

கேஸ் நிக்காதுன்னு சொன்னேன். அதுக்காக எப்பவும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு இல்ல. 'சர்கார்' படம் ஞாபகம் இருக்கா? 2018 தீபாவளி. வருண் ராஜேந்திரன்ங்கிறவர் பல வருஷத்துக்கு முன்னாடியே 'செங்கோல்'னு ஒரு கதையை எழுத்தாளர் சங்கத்துல பதிவு பண்ணி வெச்சிருந்தார். ஒருத்தரோட ஓட்டை வேற ஒருத்தர் போட்டுடறதுதான் ரெண்டுலயும் மையம். இயக்குநர் தரப்பு காப்பி அடிக்கலைன்னே சொன்னாங்க. ஆனாலும் ரிலீஸுக்கு முன்னாடி உயர் நீதிமன்றத்துல சமரசம் ஆகி, அவர் பேரை டைட்டில்ல போட ஒத்துக்கிட்டாங்க. அவர் கையில தேதி போட்ட பதிவு இருந்தது. இன்னொண்ணு, 2002ல டெல்லி உயர் நீதிமன்றத்துல 'ஸ்வயம்வர்'ங்கிற டிவி நிகழ்ச்சி வழக்கு. நம்பிக்கையின் பேர்ல ரகசியமாச் சொன்ன கான்செப்டை சேனல் பயன்படுத்தக் கூடாதுன்னு இடைக்காலத் தடை கிடைச்சது. ரகசியமாச் சொன்னதுங்கிறதுதான் அதுல முக்கியம். முன்னூறு பேர் இருக்கிற குரூப்ல சொன்னா ஏது ரகசியம்?

இதுல இன்னும் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு, அதிகம் பேருக்குத் தெரியாது. உங்க யோசனை ஒரு கருவியாவோ புது மாதிரி மூடியாவோ, அதாவது பேடன்ட் கிடைக்கக்கூடிய பொருளா இருந்தா, அதைப் பொதுவுல சொன்ன நிமிஷமே நீங்களே அதைக் கெடுத்துடறீங்க. பேடன்டுக்கு அது புதுசா இருக்கணும். நீங்களே போட்ட மெசேஜைக் காட்டி "இது ஏற்கனவே வெளியானது"ன்னு உங்க விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். டிசைன் பதிவுக்கும் அப்படியேதான். தனி நபர் ஆன்லைன்ல தற்காலிக பேடன்ட் விண்ணப்பம் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். போட்டதுக்கு அப்புறம் முழு விண்ணப்பம் கொடுக்க 12 மாசம் டைம். டிசைனுக்கு 1,000 ரூபாய். ஆபீஸ் கிண்டியில ஜி.எஸ்.டி ரோட்டுலயேதான் இருக்கு. இங்க மதுராந்தகத்துல ஏறினா ரோடு மாறாமப் போய் இறங்கலாம். (வரியைச் சொல்லல, ரோட்டைத்தான் சொல்றேன். இந்த ஊர்ல ஆடிட்டரா இருந்தா இந்த ஜோக்ல இருந்து தப்பிக்க முடியாது.)

சாம்பார் பாக்கெட்டுக்கு பேடன்ட் கிடைக்காது, அது வேற விஷயம். ஆனா அடுத்த தடவை கொஞ்சம் பெரிசா ஏதாவது தோணினா குரூப்ல போடாம, கடை முதலாளிக்குத் தனியா மெயில் அனுப்புங்கன்னு அவங்ககிட்ட சொன்னேன். முழுசையும் கொட்ட வேணாம். என்ன பிரச்சினை தீரும்னு மட்டும் எழுதுங்க. எப்படிங்கிறதை நேர்ல பேசும்போது, என்ன கிடைக்கும்னு கேட்டுட்டுச் சொல்லுங்க. கூச்சமா இருக்கும். சம்பள உயர்வு கேக்கவே நமக்கெல்லாம் நாக்கு ஒட்டிக்குது, எனக்குத் தெரியும். அப்புறம் ஒரு விஷயம், ஆஃபர் லெட்டரை ஒரு தடவை எடுத்துப் படிங்க. வேலையில இருக்கும்போது உங்களுக்குத் தோணுற கண்டுபிடிப்பெல்லாம் கம்பெனிக்கே சொந்தம்னு அதுல ஒரு பத்தி இருக்கலாம்.

எங்க ஊர் ஏரி காத்த ராமர் கோயிலுக்கு வந்திருக்கீங்களா? 1790கள்ல இங்க கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ் துரை கதை எல்லாருக்கும் தெரியும். ஏரி உடையாம இருந்தா தாயார் சந்நிதி கட்டித் தர்றேன்னு வேண்டிக்கிட்டார், கரைல ராமரும் லட்சுமணரும் நின்னு காத்தாங்க, சொன்னபடி கட்டினார்னு சொல்வாங்க. அது அவரோட தர்மம்னு கல்வெட்டே இருக்கு. ஆனா அதே கதையில, "சந்நிதி கட்டணும், பணமில்ல"ன்னு துரைகிட்ட முதல்ல சொன்னவங்க சிலர் உண்டு. அவங்க பேரு கல்லுல இல்ல. சின்ன வயசுல இருந்து அந்தக் கல்வெட்டைப் பார்க்கிறேன், போன மாசம்தான் இது உறைச்சது. டியூப்லைட் மேலயே வெளிச்சம் மறையற அளவுக்கு உபயதாரர் பேரு எழுதுற ஊர்ல, யோசனை சொன்னவர் பேரை எழுத இடம் இல்லாமப் போச்சு.

அந்தப் பொண்ணுக்குப் பதில் அனுப்பிட்டு, நம்ம சேனலை ஒரு சுத்து பார்த்தேன். அங்கதான் எனக்கு வேர்த்துச்சு. நம்ம வீடியோக்கள்ல அதிகம் பேர் பார்த்தது, வருஷ நடுவுல கம்பெனி மாறினா ரெண்டு ஃபார்ம் 16 வெச்சு எப்படி ஐ.டி ரிட்டர்ன் போடறதுங்கிறது. அந்தத் தலைப்பு என் மண்டையில உதிக்கல. ஒருத்தர் கமெண்ட்ல தன்னோட சம்பளக் கணக்கையே போட்டு, ரெண்டு இடத்துலயும் வரி விலக்கைச் சேர்த்துட்டாங்க, இப்ப பெரிய தொகை வரியாக் கட்டச் சொல்லுதுன்னு விளக்கமாக் கேட்டிருந்தார். அவர் உதாரணத்தை எண்ணை மட்டும் மாத்தி அப்படியே எடுத்துக்கிட்டேன். அந்த வீடியோல வந்த விளம்பரக் காசு என் ஆபீஸ் வாடகையைச் சில மாசம் கட்டியிருக்கு. வீடியோவை எப்படி ஆரம்பிச்சிருக்கேன் தெரியுமா? "நம்ம டீம் உங்களுக்காக ஒரு புது டாபிக்..."

டீம்னா நானும், கேமரா பிடிக்கிற என் தங்கச்சி பையனும்.

ரெண்டு வாரமா பழைய கமெண்ட் எல்லாத்தையும் தோண்டிக்கிட்டிருக்கேன். இதுவரை பதினொரு வீடியோவுக்கு யோசனை வந்த இடம் கிடைச்சிருக்கு. ஒவ்வொருத்தரையும் கேட்டு டிஸ்கிரிப்ஷன்ல பேரு சேர்க்கிறேன். ரெண்டு பேர் "வேணாம் சார், எங்க எச்.ஆர் உங்க சேனல் பார்க்கிறாங்க"ன்னுட்டாங்க. ஃபார்ம் 16 கேட்டவர் இன்னும் பதில் போடல. இதைப் படிச்சீங்கன்னா ஒரு மெயில் போடுங்க சார், உங்ககிட்ட பேரு மட்டும் கேக்கப் போறதில்ல, பேங்க் அக்கவுண்ட் நம்பரும் வேணும்.