‘ஃபிட்னஸ்’ சீட்டில் இல்லாதவை

“ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க.” அறுவைக்கு நாள் குறித்ததும் நம் மருத்துவமனைகளில் வீட்டாரிடம் சொல்லப்படுவது இது. எக்கோ, ஈசிஜி, சுகர், கிரியாட்டினின் என்று தாள்கள் சேர்ந்ததும் மயக்க மருத்துவர் கையெழுத்துப் போடுகிறார். 40 வயதுக்காரரின் குடலிறக்கத்துக்கு அது போதலாம். 78 வயதுப் பெரியவரின் சிறுநீர்ப்பையை அகற்றுவதற்குப் போதாது.

சிறுநீர்ப்பைப் புற்று தசைக்குள் இறங்கிவிட்டால் பையை முழுவதும் எடுப்பதே வழக்கமான சிகிச்சை. கூடவே ஆண்களுக்குப் பிராஸ்டேட், பெண்களுக்குப் பெரும்பாலும் கருப்பை, இடுப்பிலுள்ள நிணநீர் முடிச்சுகள். பிறகு சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து, சிறுநீரகங்களிலிருந்து வரும் குழாய்களை அதில் தைத்து, வயிற்றில் ஒரு வாய் திறந்து வெளியே பை ஒட்டுவார்கள். பல மணி நேர வேலை. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் கை தேர்ந்தவர்களே செய்தும், 90 நாட்களுக்குள் 64 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு சிக்கல் வந்ததாக 2009-ல் அவர்களே பதிவு செய்தார்கள். பெரும்பாலானவை சமாளிக்கக்கூடியவைதான். ஆனால் இளையவர் ஒரு வாரத்தில் உதறி எழும் காய்ச்சலில், தெம்பின் இருப்பு குறைந்த உடம்பு அப்படியே படுத்துவிடும்.

அந்த இருப்பை எக்கோ காட்டாது. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது? ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது? மூன்று சொற்களைச் சொல்லிக்கொடுத்து, ஒரு கடிகாரம் வரையவைத்து, பிறகு கேட்டால் அந்தச் சொற்கள் நினைவிருக்கின்றனவா? (எழுத்தறியாத பாட்டிக்குக் கடிகாரத்தை விட்டுவிட்டு வேறு கேள்வி வேண்டும்.) கனடாவின் கென்னத் ராக்வுட் குழு 2005-ல் தந்த தளர்ச்சி அளவுகோலுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். படுப்பதற்கு முன் அவர் என்னென்ன தானாகச் செய்துகொண்டார் என்று மருமகளைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

இதைக் கேட்காததால் இரண்டு விதமாகத் தவறுகிறோம். தோட்டத்துக்கு நடந்து போய்வரும் 82 வயதுக்காரரை “வயசாயிடுச்சு” என்று திருப்பி அனுப்புகிறோம். ரத்தப்போக்கும் அடைப்பும் வலியும் அவரை வீட்டில் நிம்மதியாக விடுவதில்லை. எழுந்து நிற்கவே தடுமாறும் 70 வயதுக்காரரை மேசையில் ஏற்றுகிறோம். அவரைப் போன்ற சிலருக்கு, கட்டியை உள்ளிருந்தே சுரண்டி எடுத்துக் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துத் தரும் வழி பொருந்தும். கீமோவைச் சேர்த்தால் கதிர்வீச்சு மட்டும் தருவதைவிட இடுப்பில் நோய் நன்றாகக் கட்டுப்படுகிறது என்று பிரிட்டனில் 360 பேரிடம் நடந்த ஆய்வு 2012-ல் காட்டியது.

இந்த மதிப்பீடு யார் வேலை? அறுவை மருத்துவர் மட்டும் சுமக்கக் கூடாது. முதியோர் நல மருத்துவரை அறுவைக்கு முந்தின நாள் இரவில் கூப்பிடாமல், நோய் உறுதியான வாரத்திலேயே கூப்பிட வேண்டும். அறுவையை மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போடவும் முடியாது என்பதால் அந்த வாரங்கள் விலைமதிப்பற்றவை. பீடியை விட, முட்டையும் பருப்பும் கூட்டிச் சாப்பிட, தினமும் நடக்க அதுதான் காலம். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை ஏற்கெனவே வீடு தேடி வருகிறது. அறுவைக்குக் காத்திருக்கும் முதியவர் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறட்டும். முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பை 1996-லேயே தொடங்கிய சென்னை இருக்கும் மாநிலம் இது. அந்தப் படிப்பின் பலன் மாவட்ட மருத்துவமனை வரை வர வேண்டும்.

வீட்டாருக்கும் பங்குண்டு. “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்” என்பது பாசத்தில் வரும் சொல்தான். ஆனால் பையோடு வாழப்போவது அப்பா. எது இல்லாமல் வாழ்ந்தாலும் பரவாயில்லை, எது போனால் தாங்காது என்பதை அவரைத் தவிர யாரும் சொல்ல முடியாது. தண்ணீர் நிரப்பிய ஒரு பையை முன்கூட்டியே இரண்டு நாள் அவர் வயிற்றில் ஒட்டிப் பார்க்கலாம். நடுங்கும் விரல்களால் அதைக் கழற்றி மாட்ட வருகிறதா, ராத்திரியில் யார் எழுந்து உதவுவார் என்பது அப்போதே தெரிந்துவிடும். வயிற்றில் வாய் திறக்கும் இடத்தையும் அவரை நிற்கவைத்து, உட்காரவைத்துக் குறிக்க வேண்டும், வேட்டியை எங்கே இறுக்கிக் கட்டுவார் என்று கேட்டுக்கொண்டு.