கேனைத் திருப்பிப் பாருங்க

எங்க வீட்டில் 2011 மாடல் வேகன் ஆர் ஒன்று இருக்கு. இதுவரை 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. அப்பா தினமும் அதில்தான் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய் வருகிறார். போன வருஷம் ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. "நான் மெக்கானிக்கல் படிக்கிறேன்பா, நான் சொல்றதைக் கேளுங்க" என்று சொல்லி, கடையில் இருந்ததிலேயே விலை அதிகமான ஃபுல்லி சிந்தெட்டிக் ஆயிலை வாங்க வைத்தேன். அதோடு விட்டேனா? "இது 15,000 கிலோமீட்டர் தாங்கும், நடுவுல எதுவும் பார்க்க வேணாம்" என்றும் சொல்லி வைத்தேன்.

அப்பா நம்பினார். எட்டு மாதம் கழித்து ஒருநாள், வண்டி திரும்பும்போது டேஷ்போர்டில் ஆயில் லைட் மினுக்கியது. அப்பா உடனே ஓரம் கட்டி எனக்கு போன் போட்டார். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் நுனியில் மட்டும்தான் ஈரம். பழைய எஞ்சின், கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை எரித்துக் கொண்டே வந்திருக்கு. நாங்க யாரும் பார்க்கவே இல்லை. எஞ்சின் தப்பியது அதிர்ஷ்டம். என்னைத் திட்டாமல் விட்டதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

அதனால் சொல்றேன். உங்க வீட்டிலும் ஒரு பழைய கார் இருந்தால், அதற்கு விலை அதிகமான ஆயில் தேவையில்லை. சரியான கிரேடில் உள்ள குறைந்த விலை சிந்தெட்டிக் போதும். மிச்சமாகும் பணத்தில் நேரத்துக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்க. கேனின் முன்பக்கம் பூராவும் விளம்பரம்தான். நமக்கு வேண்டியது பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கு.

முதலில் பார்க்க வேண்டியது 5டபிள்யூ-30 மாதிரியான கிரேடு. கடைசியில் வரும் 30 என்பது எஞ்சின் சூடான பிறகு, 100 டிகிரியில், ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்கிறது: 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. முன்னால் இருக்கும் 5டபிள்யூ குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கான அளவு. "சென்னையில ஏதுடா குளிர்?" என்று கேட்கலாம். ஆனால் எஞ்சினுக்கு 30 டிகிரியும் குளிர்தான். சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில், 100 டிகிரியில் இருப்பதைவிட சுமார் ஆறு மடங்கு கெட்டியாக இருக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் அது மேலே கேம்ஷாஃப்ட் வரைக்கும் போய்ச் சேர வேண்டாமா?

இரண்டாவது ஏபிஐ ரேட்டிங். எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்பி 2020-இல் வந்தது. புதிய ரேட்டிங் பழையதற்கும் பொருந்தும். மேனுவலில் எஸ்எம் என்று போட்டிருந்தால் எஸ்என், எஸ்பி இரண்டையுமே தாராளமாக ஊற்றலாம். விலை கூடின ஆயில்களில் பலவற்றின் பின்னால் ஜெர்மன் கார் கம்பெனிகளின் அப்ரூவல் வரிசையாக இருக்கும். அந்தக் கார்களுக்கு அது அவசியம். டர்போகூட இல்லாத நம்ம வேகன் ஆருக்கு அதனால் என்ன லாபம்?

"ஃபுல்லி சிந்தெட்டிக்" என்ற பெயருக்கும் ஒரு கதை இருக்கு. ஒருகாலத்தில் பிஏஓ மாதிரி, ரசாயன முறையில் தயாரித்த எண்ணெயைத்தான் அப்படிச் சொன்னார்கள். கச்சா எண்ணெயிலிருந்து வரும் பேஸ் ஆயிலை ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்தால் கிடைப்பது குரூப் 3. காஸ்ட்ரால் அதைப் போட்டு சிந்தெட்டிக் என்று விற்றதை எதிர்த்து அமெரிக்காவில் மொபில் புகார் செய்தது. 1999-இல் அங்குள்ள விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்பு சொன்னது. குறைந்த விலையில் நமக்குக் கிடைக்கும் சிந்தெட்டிக் பெரும்பாலும் இந்த வகைதான். ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். தினமும் ஆபீஸ் போய் வரும் காருக்கு அது தாராளம்.

"அப்போ இன்னும் மலிவா மினரல் ஆயிலே ஊத்தலாமே?" நியாயமான கேள்வி. மேனுவல் அனுமதித்தால் ஊற்றலாம், தப்பில்லை. ஆனால் ஜிஎஸ்டி ரோட்டு டிராஃபிக்கை நினைத்துப் பாருங்க. மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் சிந்தெட்டிக் மெதுவாகத்தான் கெடும், கசடும் குறைவாகச் சேரும். எங்க காருக்கு மூன்று லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். அந்த அளவுக்கு இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

எங்க மெக்கானிக் அண்ணன் வேறு ஒன்று சொன்னார்: "பழைய வண்டி தம்பி, கெட்டி ஆயிலா ஊத்து." அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆயில் குறைகிற எஞ்சினுக்கு, மேனுவலில் இடம் இருந்தால், 30-லிருந்து 40-க்குப் போகலாம். நேராக 20டபிள்யூ-50-க்குத் தாவினால் காலையில் ஆயில் மேலே ஏற நேரம் பிடிக்கும், மைலேஜும் குறையும். சிந்தெட்டிக் ஊற்றினால் லீக் ஆகும் என்ற பயமும் பலருக்கு இருக்கு. நல்ல சீலை இன்றைய ஆயில் கெடுக்காது. ஏற்கெனவே காய்ந்துபோன சீல் என்றால் கசியலாம். அப்போது மாற்ற வேண்டியது சீலைத்தான்.

மலிவு என்றதும் பில் இல்லாத கேனைத் தூக்கி வந்துடாதீங்க. டூப்ளிகேட் ஆயில் நிஜமாகவே புழங்குது. இந்தியன் ஆயிலின் சர்வோ, பாரத் பெட்ரோலியத்தின் மேக், ஹெச்பி என்று அரசு நிறுவனங்களின் ஆயிலே இருக்கு. பங்க்கிலோ அங்கீகரிக்கப்பட்ட டீலரிடமோ வாங்கி பில் கேளுங்க. சீல் உங்க கண் முன்னால் உடையணும். காலி கேனில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு வாங்க, இல்லையென்றால் அதிலேயே திரும்ப நிரப்பி விற்பார்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற விடாதீங்க.

இந்த முறை நான் அப்பாவுக்கு வாங்கியது எஸ்பி ரேட்டிங் உள்ள ஒரு மலிவான 5டபிள்யூ-30. போன தடவையைவிட ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். அதில் புது ஃபில்டரும், டாப்-அப் பண்ண ஒரு லிட்டர் ஆயிலும் வந்துவிட்டது. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருதோ அப்போது மாற்றுவது என்று முடிவு செய்திருக்கோம். டிராஃபிக் அதிகம் என்பதால் இன்னும் சீக்கிரமே மாற்றினாலும் நல்லதுதான்.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போறீங்களா? வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை ஆஃப் செய்து ஐந்து நிமிஷம் விடுங்க. டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, திரும்ப உள்ளே விட்டு எடுங்க. ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்கணும். கீழ்க்குறிக்கும் கீழே இருந்தால் அதே கிரேடில் கொஞ்சம் ஊற்றுங்க. மாதம் ரெண்டு தடவை இதைச் செய்ய வீட்டில் கற்றுக்கொடுத்துட்டு வாங்க. நாலு வருஷம் படித்த நான் அப்பாவுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.