ஒரு ஆளுக்கு ஒரு கட்டில்

"தனியப் பொம்புளப் பிள்ளைக்கு ரூம் குடுக்கிறல்ல."

போன வருசம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, மட்டக்களப்பு டவுனில் ஒரு லொட்ஜின் மேசைக்குப் பின்னால் இருந்து வந்த வசனம் இது. கேட்டுக்கொண்டு நின்றவள் எங்கள் தோழி. மன்னாரில் இருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். அடுத்த நாள் காலை அவளுக்கு நேர்முகத் தேர்வு. வயது 26. கையில் அடையாள அட்டை, பர்சில் காசு, முதுகில் ஒரு பை. இன்னும் இரண்டு இடம் ஏறி இறங்கினாள். இரண்டாவது இடத்தில், "ஆரோட வந்த நீங்க?" மூன்றாவது இடத்தில், "அப்பாவ வரச் சொல்லுங்க, தாறம்." அவளுடைய அப்பா 2009இல் காணாமல் போனவர். அதை அந்த மேசையில் நின்று விளக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் படியிறங்கும்போது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, அவளும் தனியத்தான், பெரிய பையோடு ஏறிப் போனாள். ஐந்து நிமிசத்தில் அவள் கையில் திறப்பு. எங்கள் தோழி வெளியே நின்று எங்களுக்குக் கோல் எடுத்தாள். அன்றிரவு கல்லடியில் எங்களில் ஒருத்தியின் வீட்டில் பாய் விரித்துப் படுத்தாள். எங்களைத் தெரிந்திராவிட்டால் பஸ் ஸ்டாண்ட்தான்.

இந்தச் சம்பவத்தை ஏன் எழுதுகிறோம் என்றால், அதே மாதம் எங்கள் கூட்டத்தில் இன்னொருத்தி ஸ்பெயினில் ஹொஸ்டல் தேடிக்கொண்டிருந்தாள். ஐரோப்பாவில் மேற்படிப்புப் படிக்கிறவள். விடுமுறையில் நாலு நாள் வலென்சியா நகரத்துக்குத் தனியப் போனாள். ஹொஸ்டல் என்றதும் நமக்குப் பள்ளிக்கூட விடுதியும் மேற்றனின் மணியும்தான் ஞாபகம் வரும். அங்கே அது பயணிகள் தங்கும் மலிவான இடம். அறையை வாங்காமல் ஒரு கட்டிலை மட்டும் வாங்கலாம். ஒரு அறைக்குள் நாலு, ஆறு, எட்டு என்று அடுக்குக் கட்டில்கள்.

குறூப்பில் அவள் போட்ட வொய்ஸ் மெசேஜ்களைக் கேட்டுக்கேட்டு நாங்களும் அந்த ஊரில் அரைவாசி இடங்களைப் பார்த்து முடித்துவிட்டோம். ஸ்பெயினில் 'ஹொஸ்டல்' வேறு, 'ஹொஸ்தால்' வேறாம். ஹொஸ்தால் என்றால் தனி அறை தருகிற சின்ன ஹொட்டல். பெயரைப் பார்த்து மாறிப் புக் பண்ணினால் கட்டில் காசுக்குப் பதிலாக அறைக் காசு கட்ட வேண்டி வரும். பெண்களுக்கு மட்டுமான அறை இருக்கா? இரவு முழுக்க வரவேற்பு மேசையில் ஆள் இருக்குமா? ஸ்டேசனில் இருந்து நடக்கிற வழியில் வெளிச்சம் இருக்கா? லொக்கர் இருக்கா, பூட்டு நாம கொண்டு போகணுமா? சோறாக்கக் குசினி இருக்கா? ரிவியூ வாசிக்கும்போது ஐந்து நட்சத்திரக்காரர்களை விட்டுவிட்டு, ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் எதுக்குக் கோபப்பட்டார்கள் என்று பார். "காலைச் சாப்பாடு சரியில்ல" என்றால் பரவாயில்லை. "கதவு பூட்டுப்படல்ல" என்றால் அடுத்த இடத்துக்குப் போ.

இவ்வளவு கேள்வியையும் கேட்டவள் அவள். அந்த ஹொஸ்டல்காரன் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பாஸ்போட். அங்கே தங்குகிற ஆளின் விவரத்தைப் பதிய வேண்டியது சட்டம். பதிந்தான், கட்டில் நம்பரைச் சொன்னான், முடிஞ்சுது. அடுத்த நாள் பஸ் பிடித்து நகரத்துக்குத் தெற்கே இருக்கிற அல்புஃபேரா ஏரியைப் பார்க்கப் போனாள். சுற்றிவர நெல் வயல், மீன்பிடித் தோணி, விலாங்குக் கறி விற்கிற கடைகள். "மறுகா, நம்மட வாவிதான் புள்ள இது, மீன் பாடாததுதான் குறை" என்று போட்டோ அனுப்பினாள்.

இரண்டு ஊரிலும் வாவி இருக்கிறது. வெளிநாட்டில் போய் அந்த வாவியைப் பார்க்க எங்கள் பிள்ளைக்குக் கட்டில் கிடைக்கிறது. சொந்த நாட்டு வாவிக்கரையில் எங்கள் பிள்ளைக்கு இல்லை. ஹொஸ்டல் தெரிவு செய்வது எப்படி என்று ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். தெரிவு என்ற ஒன்று இருந்தால்தானே அந்த அறிவுரைக்கு வேலை!

உடனே சிலர் சொல்லுவீங்க: "ஸ்பெயினைப் பார்த்து வாயைப் பிளக்காதீங்க." பிளக்கவில்லை. 2024 ஜூலையில் பார்சிலோனா சனம் தண்ணீர்த் துப்பாக்கியோடு ரோட்டுக்கு வந்து சுற்றுலாப் பயணிகளுக்கு அடித்தது எங்களுக்கும் தெரியும். வீட்டு வாடகை ஏறிப்போய் ஊர்க்காரன் ஊரை விட்டுப் போகிற நிலை அங்கே. அது அவர்களுடைய சண்டை, நியாயமான சண்டை. நாங்கள் கேட்பது அதைவிடச் சின்னது: காசு கொடுத்தால் ஒரு இரவுக்கு ஒரு கட்டில்.

லொட்ஜ்காரர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. மூன்றையும் மரியாதையாகவே எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, "பாதுகாப்புக்காகத்தான் தங்கச்சி." யாருடைய பாதுகாப்பு? இரவு எட்டரை மணிக்கு ஒரு பிள்ளையை ரோட்டில் இறக்கிவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க எப்படி மனம் வருகிறது? பாதுகாப்பு என்பது உள்ளே இருந்து பூட்டுகிற தாழ்ப்பாள், நடைபாதையில் எரிகிற லைட், இரவில் முழித்திருக்கிற ஆள், ஒழுங்காக எழுதின பதிவேடு. இந்த நாலையும் காசு செலவழித்துச் செய்ய வேண்டும். 'தனிய வந்தா இல்ல' என்று சொல்ல ஒரு சதமும் செலவில்லை. அதுதான் இதன் ரகசியம்.

இரண்டாவது, "பொலிஸ் வந்தா எங்களுக்குத்தான் கரைச்சல்." இதில் உண்மை இருக்கிறது. லொட்ஜ்களைச் சோதனை போடுவதும், பிடித்தவர்களைக் கூட்டிப் போவதும் நடக்கிறதுதான். அதற்குப் பின்னால் இருப்பவை வெள்ளைக்காரன் போட்ட சட்டங்கள்: 1841இன் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், 1889இன் விபச்சார விடுதிகள் கட்டளைச் சட்டம். ஆனால் அடையாள அட்டையைக் காட்டி ஒரு பெண் தனிய அறை எடுப்பது இந்த இரண்டிலும் குற்றம் இல்லை. பொலிசுக்குப் பயம் என்றால் பதிவேட்டைச் சரியாக எழுதுங்க. பொலிஸ் கரைச்சலுக்கு எதிராக லொட்ஜ் முதலாளிமார் ஒன்றுசேர்ந்து குரல் குடுத்தால் நாங்களும் பக்கத்தில் நிற்போம். அந்தப் பயத்தை வாடிக்கையாளர் பிள்ளையின் தலையில் கட்டாதீங்க. அதுவும் சொந்த நாட்டுப் பிள்ளையின் தலையில் மட்டும்.

மூன்றாவது காரணத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். "ஊர் என்ன சொல்லும்?" இதுதான் உண்மையான காரணம். தனிய வருகிற பெண் ஏதோ ஒரு 'மாதிரி' என்ற நினைப்பு. நமது பண்பாடு அப்படி என்று முடித்துவிடுவார்கள்.

எந்தப் பண்பாடு? வருசா வருசம் கதிர்காமப் பாதயாத்திரை இந்த மாவட்டத்துக்குள்ளால்தான் போகிறது. வெருகலில் இருந்து இறங்கி, மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று போய்க் காட்டுக்குள் இறங்கும். அதில் தனிய வருகிற அம்மம்மாமார் எத்தனை பேர்! வெள்ளை உடுப்பு, தலையில் ஒரு பொட்டளி. கோயில் மண்டபத்தில் முன்பின் தெரியாத சனத்தோடு வரிசையாகச் சேலையை விரித்துப் படுக்கிறார்கள். 'ஆரோட வந்த நீங்க' என்று கேட்டால், 'முருகனோட' என்பார்கள். ஸ்பெயினிலும் இதே கதைதான்: சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா தேவாலயத்துக்கு நடந்து போகிற யாத்திரிகர்களுக்கு வழி நெடுக அடுக்குக் கட்டில் விடுதிகள் இருக்கின்றன. பலர் தனியப் போகிறவர்கள்தான். தெரியாத ஆட்களோடு ஒரு கூரைக்குக் கீழே படுப்பது மேற்கத்தியப் பழக்கம் என்று யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் மடங்களும் மண்டபங்களும் அதைச் செய்து எவ்வளவோ காலம்.

2004 டிசம்பர் 26 இரவு கல்லடியிலும் நாவலடியிலும் இருந்து தப்பி ஓடிவந்த சனம் எங்கே படுத்தது? பள்ளிக்கூடங்களில், கோயில்களில், தேவாலயங்களில், பள்ளிவாசல்களில். எங்களில் மூத்தவர்களுக்கு அது நல்ல ஞாபகம். தனிய வந்து சேர்ந்த பெண்ணைப் பார்த்து 'புருசன் எங்க' என்று ஒருவர் கேட்டார் என்றால், அது தேடிக் கண்டுபிடித்துக் குடுக்கக் கேட்ட கேள்வி. இன்றைக்கு லொட்ஜ் மேசையில் அதே கேள்வி கதவை மூடக் கேட்கப்படுகிறது. 1990ஐயும் 2004ஐயும் 2009ஐயும் பார்த்த நிலத்தில் 'புருசன் எங்க, அப்பா எங்க' என்பது லேசான கேள்வி இல்லை. கேட்கிறவருக்கு அது விளங்க வேண்டும்.

இன்னொன்று. இந்த மாவட்டத்துப் பெண்கள் எத்தனை பேர் குவைத்துக்கும் சவூதிக்கும் கட்டாருக்கும் தனியப் போய், தெரியாதவன் வீட்டில், சில வேளை பூட்டுக்கூட இல்லாத அறையில் படுத்து எழும்பிக் காசு அனுப்பினார்கள்! அந்தக் காசில் எழும்பின கல்வீடுகள் ஊர் முழுக்க நிற்கின்றன. அங்கே தனியப் படுத்தது குடும்பத்துக்காக, சரி. திரும்பி வந்து, இஞ்ச ஒரு வேலையாக டவுனுக்கு வந்து, ஒரு இரவு தனக்காகத் தனியப் படுத்தால் மட்டும் மானம் போகுமா?

சட்டத்தையும் ஒருக்காப் பார்ப்போம். இலங்கை அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை கடைகள், பொது உணவகங்கள், ஹொட்டல்கள் என்று பெயர் சொல்லியே பேசுகிறது: இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றின் பேரில் அங்கே நுழைய யாருக்கும் தடையோ நிபந்தனையோ போடக் கூடாது. 'பால்' என்ற சொல் அதற்குள் இருக்கிறது. 14(1)(h) நாட்டுக்குள் நடமாடும் சுதந்திரத்தைத் தருகிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு என்பது அரசாங்கத்தின் செயலுக்கு எதிராக, ஒரு மாதத்துக்குள், உயர் நீதிமன்றத்தில் போட வேண்டியது. தனியார் லொட்ஜ் முதலாளியை அதில் இழுப்பது கஷ்டம். அதனால்தான் இந்த உறுப்புரை புத்தகத்துக்குள் படுத்திருக்கிறது. அதற்கு மட்டும் ரூம் கிடைத்திருக்கிறது போல.

2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளை நிறத்தவருக்கு மட்டும் என்று ஒரு பார்ட்டி விளம்பரம் வந்தபோது நாடே கொதித்தது. பார்ட்டி நிறுத்தப்பட்டது. நல்லது. நாங்களும் சேர்ந்துதான் ஷேர் பண்ணினோம். அன்றைக்குக் கொதித்த இரத்தம் எங்கள் டவுன் லொட்ஜில் எங்கள் பிள்ளை படியிறங்கும்போது ஏன் கொதிக்கவில்லை? வெள்ளைக்காரன் வாசலில் மறித்தால் அவமானம், நம்மட ஆள் மறித்தால் பண்பாடா?

எங்கள் கோரிக்கைகள் இவை.

இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பதிவு கொடுக்கும்போதும், மாநகர சபையும் பிரதேச சபைகளும் வியாபார உரிமம் கொடுக்கும்போதும், 12(3)இல் சொன்னதை நிபந்தனையாக எழுத வேண்டும். மறுத்தால் முறையிட ஒரு இடம் வேண்டும்.

லொட்ஜ்காரர்கள் தங்கள் விதிகளை எழுதி மேசைக்கு மேலே ஒட்ட வேண்டும். 'தனியப் பெண்களுக்கு இல்லை' என்று உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் எல்லோரும் பார்க்க எழுதி ஒட்டத் தைரியம் இருந்தால் ஒட்டட்டும். எழுத வெட்கப்படுகிற விதியை வாயால் சொல்லவும் வெட்கப்பட வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கும் ரயில்வே ஸ்டேசனுக்கும் கிட்ட, பெண்களுக்கான மலிவான கட்டில் விடுதி ஒன்று டவுனில் வேண்டும். சோதனை எழுத வாறவள், ஆஸ்பத்திரியில் தாயைப் பார்க்க வாறவள், காணாமல் போனவரைப் பற்றிச் சாட்சி சொல்ல வாறவள், சும்மா வாவியைப் பார்க்க வாறவள், எல்லோருக்கும். சும்மா வாறவளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஊர் பார்க்க ஆசைப்படுவதற்குப் பெண் யாரிடமும் காரணம் காட்டத் தேவையில்லை.

கடைசியாக எங்களுக்கும் உங்களுக்கும் ஒன்று. ஒரு பிள்ளை லொட்ஜ் படியேறுவதைக் கண்டு போனில் போட்டோ எடுத்து குறூப்பில் போடுகிற கையும் எங்கள் வயதுக் கைதான். லொட்ஜ்காரன் பயப்படுகிற அந்த 'ஊர்' நாங்கள்தான். முதலில் அந்த போனைக் கீழே வையுங்கள்.

தனிய வந்த பெண்ணுக்குக் கேள்வி கேட்காமல் அறை தந்த இடங்களின் பட்டியல் ஒன்றை எங்கள் தோழிகள் தொகுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வாழைச்சேனையில் இருந்து களுவாஞ்சிகுடி வரை, இப்போதைக்கு ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குகிறது. தெரிந்த இடம் இருந்தால் சொல்லுங்கள். தாழ்ப்பாள் சரியா, லைட் எரியுதா, விலை என்ன என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மன்னார்த் தோழி அடுத்த மாதம் திரும்பவும் வருகிறாள். இந்த முறை அவள் பாய் கேட்கவில்லை. அந்தப் பட்டியலைத்தான் கேட்டிருக்கிறாள்.