நாலு கரண்டிக்கு எந்த ஜார்?

பக்கவாதத்துக்குப் பிறகு மாமனாரால் மென்று விழுங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார் இலஞ்சி வாசகி ஒருவர். வேளைக்கு நாலு கரண்டிதான் சாப்பாடு. அதை மிக்ஸியில் போட்டால் பிளேடில் சிக்காமல் ஜார் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றினால்தான் அரைபடுகிறது. வயலுக்குப் போகும் அவசரத்தில் அரைக்க, கயிறு இழுக்கும் சாப்பர் போதுமா என்பது அவரது கேள்வி.

போதாது. அது வெங்காயம் நறுக்கத்தான் லாயக்கு. எத்தனை முறை இழுத்தாலும் துணுக்குகள் மிஞ்சும். அவை அவர் தொண்டையில் சிக்கலாம். சார்ஜ் போடும் குட்டிச் சாப்பரும் பெரும்பாலும் அப்படித்தான்.

சாப்பரைவிடக் கவனிக்க வேண்டியது அந்தத் தண்ணீரை. பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்கும் தசைகள் சொன்னபடி கேட்காது. நீர்த்த உணவு சட்டென்று இறங்கி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். சிலருக்கு இருமல்கூட வராது. பிறகு நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அதனால் தண்ணீர் கேட்காமல் அரைக்கும் ஜார்தான் தேவை. வாட்ஸ் கணக்கெல்லாம் அப்புறம்.

வீட்டில் இருக்கும் மிக்ஸிக்கே 300, 400 மில்லி சட்னி ஜார் கிடைக்கும். அடி குறுகலாக, பிளேடு அடியை ஒட்டிச் சுற்றுவதாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய ஜாரையும் கடைக்கு எடுத்துப் போவது நல்லது. அடியில் உள்ள கப்ளர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உணவு பிளேடை மூடும் அளவாவது இருக்கட்டும். விட்டு விட்டு ஓட்டி, நடுவே நிறுத்தி, சுவரில் ஒட்டியதை வழித்துவிட வேண்டும். இளக்கம் தேவைப்பட்டால் குழைய வெந்த பருப்போ கெட்டித் தயிரோ சேர்க்கலாம், சத்தும் கூடும்.

சோற்றை மட்டும் மிக்ஸியில் போட வேண்டாம். பசையாகித் தொண்டையில் ஒட்டும். குழைய வேகவைத்து, சூட்டோடு மத்தால் மசித்து, சல்லடையில் தேய்த்து எடுப்பதே மேல்.

அரைத்ததைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகக் கூடாது. ஒட்டிக்கொண்டும் நிற்கக் கூடாது. கட்டியாக வழுக்கி விழ வேண்டும். ஆனாலும் அவருக்கு எந்தப் பதம் சரி என்பதை மருத்துவரோ ஸ்பீச் தெரபிஸ்டோ அவர் விழுங்குவதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சோதனை இன்னும் ஆகவில்லையென்றால் ஜார் வாங்கும் முன் அதை முடிப்பது நல்லது. படுத்த நிலையில் ஊட்டவே கூடாது.

கொஞ்சமாக அரைக்கும் ஜாரில் பிளேடுக்கு அடியில் மிச்சம் தங்கும். சாரல் நேரத்தில் ஈரம் காயாது. சீக்கிரம் புளித்து நாறும். அரைத்தவுடன் வெந்நீர் விட்டு ஒரு சுற்று ஓட்டி, கவிழ்த்து வைக்க வேண்டும்.