உடற்பயிற்சியும் ஆண்களின் மனநலமும்



கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் விடியற்காலையில் நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிதம்பரத்தில் தேரோடும் நான்கு வீதிகளையும் சுற்றி நடப்பவர்கள் உண்டு. ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலர் 'சர்க்கரை இருக்கிறது, நடங்கள்' என்று மருத்துவர் சொன்ன பிறகு வந்தவர்கள். நானும் அப்படி வந்தவன்தான். 'மனம் சரியில்லை, அதனால் நடக்க வந்தேன்' என்று சொன்ன ஓர் ஆணை இதுவரை நான் கண்டதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். நூற்றுக்கு ஏறக்குறைய 72 பேர் ஆண்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஆனால் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். 'அவர் தூங்குவதில்லை சாமி, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், குடி அதிகமாகிவிட்டது' என்று கணவருக்காகவும் அவர்களே அழுகிறார்கள். ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரங்களில் கோபமாகவும் குடியாகவும் வருகிறது. அதனால் அது நோய் என்றே நமக்குத் தெரிவதில்லை.

உடற்பயிற்சி இதற்கு உதவுமா? 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் 218 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று வெளிவந்தது. மனச்சோர்வு உள்ள 14,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றியது அது. நடை, மெதுவான ஓட்டம், யோகா, எடை தூக்குதல் ஆகியவை நல்ல பலன் தந்தன. ஆண்களுக்கு யோகா கூடுதலாக உதவியதாம். (யோகா என்றதும் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அந்த விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) தொகுத்த ஆய்வுகள் பலவற்றில் குறைகள் உண்டு என்பதையும் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

'வலை இழுப்பவருக்கும் நெய்வேலியில் இரவு ஷிப்டு பார்ப்பவருக்கும் உடற்பயிற்சி எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சி மனதுக்குத் தரும் நன்மையைப் பிழைப்புக்காகச் செய்யும் உழைப்பில் ஆய்வாளர்கள் அந்த அளவுக்குக் காணவில்லை. டீசல் கடனை நினைத்துக்கொண்டே இழுக்கும் வலை வேறு, மாலையில் கடற்கரையில் பையன்களோடு ஆடும் வாலிபால் வேறு. இரவு ஷிப்டு முடித்து வருபவருக்கு முதலில் தேவை தூக்கம். அவரை எழுப்பி நடக்கச் சொல்லாதீர்கள். கடையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்தே இருப்பவர்களுக்குத்தான் வாரத்துக்கு 150 நிமிடம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை நான் நினைவூட்டுவேன். ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

மாலை ஆறு முதல் எட்டு மணி வரை உள்ள நேரம் பற்றி எனக்குத் தனிக் கவலை உண்டு. 2003-இல் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்தது முதல் நம் ஆண்கள் பலருக்கு அந்த நேரம் அங்கேயே கழிகிறது. 'குடிக்காதே' என்று சொல்லிவிட்டு அந்த இரண்டு மணி நேரத்தை வெறுமையாக விட்டால், மூன்றாம் நாள் கால் தானாக அங்கே போகும். பந்தோ நடையோ, அங்கே வேறொன்று இருக்க வேண்டும். பல ஆண்டுகள் தினமும் அதிகம் குடித்தவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எலியா இறைவாக்கினரை நினைத்துப் பாருங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் அடியில் படுத்தவரை வானதூதர் திட்டவில்லை. உறங்கவிட்டார், உண்ணக் கொடுத்தார், மறுபடியும் உறங்கவிட்டார். அதன் பிறகுதான் நாற்பது நாள் நடை. படுக்கையை விட்டு எழவே முடியாதவரிடம் 'போய் நட, சரியாகிவிடும்' என்பது வசைபோலத்தான் விழும். அவருக்கு மருத்துவம் வேண்டும். எடுக்கும் மாத்திரையை நடையை நம்பி நிறுத்தவும் கூடாது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

என்னோடு நடக்கும் ஒருவர் மூன்று வாரம் இறால் விலையையும் மழையையும் மட்டுமே பேசினார். நான்காம் வாரம், முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டே, வட்டிக் கடனைப் பற்றியும் வீட்டில் வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தைப் பற்றியும் சொன்னார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அன்றே இருவரும் அவர் வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டிலை எடுத்து வந்தோம். பிறகு மருத்துவரிடம் போனோம். இப்போதும் நடக்க வருகிறார். எனக்கு முன்னே போய்விடுகிறார்.