வலையில் சிக்காத நாய்க்கு வாய்வழி ரேபிஸ் மருந்து: ஆனைக்குட்டம் மாதிரி ஊர்களுக்கு இது உதவுமா?

விடிந்தும் விடியாத நேரத்தில் பட்டாசு ஆலை வேனுக்காக ரோட்டோரம் நிற்பவர்களுக்கு நாய்க்கூட்டம் புதிதில்லை. சிவகாசி பக்கம் ஆனைக்குட்டம் என்றில்லை, எந்த ஊரிலும் இதே கதைதான். தமிழகத்தில் 2024-ல் மட்டும் சுமார் 4.8 லட்சம் பேர் நாய்க்கடிக்கு ஆளானார்கள். ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். அதற்கு முந்தைய ஆண்டு இது 18.

நோய்க்கு மருந்து இல்லை, தடுப்பூசி இருக்கிறது. ஒரு பகுதியில் இருக்கும் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. சரி, அந்த 70 சதவீதத்தை யார் பிடிப்பது?

வீட்டு வாசலில் சோறு தின்னும் நாய் கையில் வந்துவிடும். சீமைக்கருவேலங்காட்டிலும் கண்மாய்க் கரையிலும் திரியும் நாய் அப்படியில்லை. வலையோடு வண்டி வருகிறது என்று தெரிந்தாலே டிமிக்கி கொடுத்துவிடும். மாநகராட்சிகளுக்காவது நாய் பிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். 2023-ல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் ஊராட்சிகளையும் சேர்த்தே பொறுப்பாக்குகின்றன. ஒரு சிறிய ஊராட்சி அந்த ஆட்களுக்கு எங்கே போகும்? வாய்வழி மருந்து பற்றிய பேச்சு இந்த இடத்தில்தான் வருகிறது.

இது எப்படி வேலை செய்கிறது?

நாய்க்குப் பிடித்த வாசனையுள்ள இரைத்துண்டுக்குள் திரவ மருந்து அடைத்த சின்ன பாக்கெட் இருக்கும். நாய் கடித்து மெல்லும்போது பாக்கெட் கிழிந்து, மருந்து வாயின் உட்புறத்திலும் டான்சிலிலும் படும். எதிர்ப்புச் சக்தி அங்கிருந்துதான் தொடங்குகிறது. மெல்லாமல் முழுசாக விழுங்கிவிட்டால் பலன் கிடைக்காது. போலியோ சொட்டு மருந்து ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை. இதிலும் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள வைரஸ்தான். அதனால் இரையைத் தெருவில் வீசிவிட்டுப் போக முடியாது. குழந்தைகள் கையில் கிடைத்துவிடக் கூடாது. ஆள் நின்று போட்டு, நாய் தின்று முடித்ததும் மிச்ச பாக்கெட்டைப் பொறுக்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

யோசனை புதிதல்ல. 1978-ல் சுவிட்சர்லாந்தில் கோழித்தலைக்குள் மருந்து வைத்துக் காட்டு நரிகளுக்குப் போட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் நரிகளிடமிருந்து ரேபிஸ் ஒழிந்தது இந்த வழியில்தான். நாய்களுக்கு தாய்லாந்து, நமீபியா போன்ற நாடுகளில் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

கோவா சொல்லும் கணக்கு

இந்தியாவில் இதற்கான ஒத்திகை கோவாவில் நடந்தது. முடிவுகள் 2019-ல் வெளிவந்தன. உள்ளே மருந்து வைக்காத வெறும் இரையைத்தான் கொடுத்தார்கள். நாயை எட்ட முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பக்கம் வலையோடு வண்டியில் 7 பேர். இன்னொரு பக்கம் ஸ்கூட்டரில் 2 பேர். கையில் சிக்கிய நாய்களுக்கு இரண்டு குழுவும் ஊசியே போட்டன. கண்ணில் பட்ட நாய்களில் வலைக்குழு எட்டியது 63 சதவீதம், ஸ்கூட்டர் குழு 80 சதவீதம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 9 நாய்கள் எங்கே, 35 நாய்கள் எங்கே! நாடு முழுக்க இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டுமானால் வலைக்கு 11 லட்சம் பேர் தேவை, இரைக்கு 2.93 லட்சம் பேர் போதும் என்று கணக்கிட்டார்கள்.

செலவில்தான் பெரிய அதிசயம் இல்லை. ஒரு நாய்க்கு 2.53 டாலர், 2.29 டாலர் என்று கிட்டத்தட்ட ஒரே அளவு. இரை முறை மிச்சப்படுத்துவது முக்கியமாக ஆட்களை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோவா 2021-ல் 'ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி' ஆனது ஊசியால்தான். ஆண்டுதோறும் தெருத்தெருவாகப் போட்டதில் நாய்களிடம் மாதாந்திர ரேபிஸ் பாதிப்பு 92 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார அமைப்பும் வாய்வழி மருந்தை ஊசிக்குத் துணையாகத்தான் பரிந்துரைக்கிறது, மாற்றாக அல்ல. கையில் வரும் நாய்க்கு ஊசி, வராத நாய்க்கு இரை. அவ்வளவுதான்.

இப்போதைய நிலை

2030-க்குள் நாய்களால் வரும் ரேபிஸை ஒழிப்பது என்று மத்திய அரசு 2021-ல் இலக்கு வைத்தது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில், கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ரேபிஸ் அறிகுறியோ மூர்க்கமோ உள்ளவற்றுக்கு விலக்கு. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட் போன்ற இடங்களில் பிடித்ததை அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. எப்படிப் பார்த்தாலும் முதலில் நாய் கையில் சிக்க வேண்டும். இந்தியத் தெருக்களில் நாய்க்கு ரேபிஸ் தடுப்பு என்றால் இப்போதைக்கு ஊசிதான்.

கடித்துவிட்டால்?

இரை மருந்து நாய்க்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல. மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலமெல்லாம் போய்விட்டது. அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் ஊசிக்கு 0, 3, 7, 28 என்று நான்கே நாள் கணக்கு. காயம் ஆழமாக இருந்தாலோ ரத்தம் வந்தாலோ முதல் நாளிலேயே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போட வேண்டும். அது அங்கே இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டு போவது நல்லது.