ஆவினமும் அதன் பயனும்

பண்டைத் தமிழர் ஆவினைச் செல்வமாகப் போற்றினர். ‘மாடு’ என்னும் சொல்லுக்கே செல்வம் என்னும் பொருள் உண்டு. வள்ளுவரும் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டுள்ளார். இக்காலத்திலோ, ஒரு பசுவின் மதிப்பை அது கறக்கும் பாலின் அளவு ஒன்றைக்கொண்டே கணிக்கும் வழக்கம் பெருகியுள்ளது. அக்கணக்கு முறையானதன்று.

ஒவ்வோர் ஆவினமும் தான் தோன்றிய மண்ணுக்கும் தட்பவெப்பத்திற்கும் ஏற்ப அமைந்ததாகும். கருமையும் வெண்மையும் விரவிய ஓல்ஸ்டீன் பிரிசியன் இனம், நெதர்லாந்து நாட்டின் குளிர்ந்த புல்வெளிகளில் வளர்ந்தது. பாலின் அளவில் அதனை விஞ்சும் இனம் இல்லை. ஜெர்சி இனமோ, ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஒரு சிறு தீவுக்கு உரியது. அதன் பால் அளவிற் குறைந்ததாயினும், நூற்றுக்கு 5 பங்கு அளவிற்குக் கொழுப்புச் செறிந்தது. சாகிவால், சிந்தி, கிர் என்பன இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்குப் பகுதியில் தோன்றிய கறவை இனங்கள். அவை கடும் வெயிலையும் தாங்க வல்லன.

கொங்கு நாட்டுக் காங்கேயம் இனம் வேறு வகையது. மழை குறைந்த அந்நாட்டில், கிளுவை வேலி சூழ்ந்த ‘கொறங்காடு’ என்னும் மேய்ச்சல் நிலங்களில், கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல நெற்றையும் தின்று அது வளரும். செந்நிறத்தோடு பிறக்கும் கன்று, ஏறத்தாழ ஆறு திங்களில் சாம்பல் நிறம் கொள்ளும். ஏர் உழவும், கவலை இறைக்கவும், வண்டி இழுக்கவும் வல்ல எருதுகளை வேண்டியே உழவர் அவ்வினத்தைப் பேணினர். ஆதலின், அதன் பசு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் பாலே தரும். உழவுக்கு அமைந்த இனத்தைப் பாற்செம்பு கொண்டு அளந்து இகழ்தல், பொன்னை மரக்காலால் அளப்பதை ஒக்கும்.

எனினும், கலப்பினப் பசுவை வளர்ப்போரைக் குறை கூறுதலும் நேர்மையாகாது. நிலமில்லாக் குடும்பங்கள் பலவற்றுக்கு அடுப்பெரிவதும், பிள்ளைகள் பள்ளி செல்வதும் அப்பசுக்களாலேயே ஆகும். ஆயினும், அவற்றுக்கு நிறைந்த தீவனமும் நீரும் நிழலும் மருத்துவமும் வேண்டும். கோடை வெப்பம் மிகுந்தால் அவற்றின் பால் குறையும்.

உழவு இயந்திரம் வந்தது. எருதுக்கு வேலை குறைந்தது. வேலை குறையவே, பேணுவோரும் குறைந்தனர். தமிழகத்தின் ஆலம்பாடி இனம் இன்று மிக அருகிவிட்டது. குசராத்தின் கிர் இனத்தைக் கடல் கடந்து கொண்டு சென்ற பிரேசில் நாட்டினரோ, நல்லனவற்றைத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கி, அதனைச் சிறந்த கறவையினமாக உயர்த்தினர். பிறர் அருமை உணர்ந்து போற்றிய செல்வத்தை உரியவர் புறக்கணித்தல் தகுமோ?

நாட்டினத்தைக் காக்கும் பொறுப்பை ஏழை உழவர் தலைமேல் மட்டும் சுமத்துதல் முறையன்று. அரசும் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சுமையில் பங்கு கொள்ளல் வேண்டும்; மேய்ச்சல் நிலங்களும் காக்கப்படல் வேண்டும். பால் குறைந்தால் நாளை பெருக்கிக்கொள்ளலாம். ஓரினம் அற்றுப்போயின், எத்துணைப் பொருள் கொடுத்தும் அதனை மீட்டல் அரிது.